எறிவதற்கு முன் ஃபியூஸைப் படியுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்று இரவு வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர், இன்று சுவிட்சைப் போட்டதும் முன்பக்க விளக்குகூட எரியாமல் கிடந்தால், வீட்டில் இருப்பவர்கள் முதலில் சொல்வது "ஃபியூஸ் போயிருக்கும், மாற்றிப் போடு" என்பதுதான். பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவே இருக்கும். ஆனால் போயிருக்கும் என்பதற்கும் மாற்றிப் போடு என்பதற்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. போன ஃபியூஸைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அது ஏன் போனது என்பதை அதனிடமிருந்தே தெரிந்துகொள்வதுதான் அந்த வேலை. ஒலிக்கருவிகளைப் பழுது பார்ப்பதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருப்பவன் என்ற முறையில், அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஃபியூஸின் உள்ளே இருப்பது ஒரு மெல்லிய கம்பி. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அந்தக் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். ஓர் எல்லையைத் தாண்டியதும் கம்பி உருகி அறுந்து, பின்னால் இருக்கும் விலையுயர்ந்த பாகங்களைக் காப்பாற்றுகிறது. தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க, வழியில் ஒரு மெல்லிய கம்பியை வைத்து அதை உருகவிடலாம் என்று 1847-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரரான லூயி ப்ரெகே பரிந்துரைத்திருக்கிறார். அன்று முதல் இன்று வரை அடிப்படை மாறவில்லை. பாதுகாப்பதற்காக வைக்கப்பட்ட ஒன்று தன்னை இழந்து நிற்கிறது என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்.

கருவியைத் திறப்பதற்கு முன், அது சொருகப்பட்டிருக்கும் பிளக் பாயிண்டில் வேறொரு விளக்கைச் சொருகி, அங்கே மின்சாரம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். அது சரியாக இருந்தால், கருவி காட்டும் அறிகுறிகளைக் கவனியுங்கள். விளக்கும் எரியவில்லை, காதை வைத்தால் டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய முனகலும் இல்லை என்றால், மின்சாரம் நுழையும் இடத்தில் உள்ள மெயின் ஃபியூஸ்தான் முதல் சந்தேகத்துக்கு உரியது. விளக்கு எரிகிறது, ஆனால் சுவிட்ச் போட்டுச் சில வினாடிகளில் வழக்கமாகக் கேட்கும், ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்சான ரிலேயின் "டிக்" ஓசை வரவில்லை, அல்லது ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் ஊமையாக இருக்கிறது என்றால், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் உள்ள உள் ஃபியூஸ்களில் ஒன்று போயிருக்கக்கூடும். பாட்டு கேட்கிறது, ஆனால் கூர்மையான மேல் ஒலிகள் மட்டும் காணாமல் போயின என்றால், சில ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் ட்வீட்டருக்கென்று தனியாக வைத்திருக்கும் ஃபியூஸைப் பார்க்க வேண்டும்.

மெயின் ஃபியூஸ் பெரும்பாலும் பின்பக்கத்தில், திருகிக் கழற்றக்கூடிய ஒரு சிறிய கருப்பு மூடிக்குள் இருக்கும். கழற்றி மாட்டும் மின்கம்பி உள்ள கருவிகளில், கம்பி நுழையும் துளைக்குக் கீழேயே ஒரு சிறிய இழுப்பறை இருப்பதுண்டு. அதற்குள் ஒன்று வேலை செய்யும் ஃபியூஸ், மற்றொன்று மாற்று ஃபியூஸ் என இரண்டு இருப்பதை, வாங்கிப் பத்து ஆண்டுகள் ஆன பிறகும் அறியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவை இரண்டும் இல்லையென்றால் மூடியைத் திறந்து, மின்கம்பி உள்ளே நுழையும் பாதையைத் தொடர்ந்து சென்றால், சர்க்யூட் போர்டில் இரண்டு உலோகக் கவ்விகளுக்கு நடுவே ஃபியூஸ் உட்கார்ந்திருக்கும்.

மூடியைத் திறப்பது என்ற பேச்சு வந்த உடனே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொள்ள வேண்டும். பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகங்களான பெரிய கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். 50 வோல்ட்டில் உள்ள 10,000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றில் 12.5 ஜூல் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கும். ஸ்க்ரூடிரைவர் தவறி அதன் முனைகளில் பட்டால் உலோகமே உருகித் தெறிக்கும். வோல்ட், ஓம் போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, கப்பாசிட்டரின் மின்னழுத்தம் ஓரிரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று அளந்து பார்த்த பிறகே உள்ளே விரலை விட வேண்டும். இறங்கவில்லை என்றால், 1,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களுக்கு உறைபோட்ட கம்பிகளைப் பற்றவைத்து, முனைகளுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடித்தால் மேற்சொன்ன அளவு கப்பாசிட்டர் அமைதியாகக் காலியாகிவிடும். கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களிலும், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக சுவிட்சிங் பவர் சப்ளை உள்ள, ஆம்ப்ளிஃபயரைத் தன்னுள்ளேயே கொண்ட ஆக்டிவ் ஸ்பீக்கர்களிலும் நிலைமை இதைவிடக் கடுமையானது. 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாக நேர்மின்சாரமாக்கும் (டிசி ஆக்கும்) சுற்றில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கி நிற்கும். வால்வு கருவிகளில் 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். பழக்கம் இல்லாதவர்கள் இந்த இரண்டு வகைகளையும் திறக்க வேண்டாம் என்று கண்டிப்பாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இனி ஃபியூஸுக்கு வருவோம். கவ்வியிலிருந்து அதை ஸ்க்ரூடிரைவரால் ஒரே பக்கமாக நெம்பினால் கண்ணாடி உடையும். இரண்டு முனைகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தூக்கி எடுக்க வேண்டும். எடுத்ததை ஒரு விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணாடி பளிச்சென்று தெளிவாக இருந்து, கம்பி நடுவில் மட்டும் அறுந்து, அறுந்த இரு நுனிகளிலும் குண்டூசித் தலையைவிடச் சிறிய உருண்டைகள் தெரிந்தால், கம்பி பொறுமையாகச் சூடேறி உருகியிருக்கிறது என்று பொருள். எல்லையைச் சற்றே தாண்டிய சுமை, நீண்ட நேரம் உச்ச ஒலியில் ஓட்டியது, அல்லது பல ஆயிரம் முறை சூடாகியும் ஆறியும் கம்பி களைத்துப்போனது ஆகிய இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். இப்படிப்பட்ட ஃபியூஸை மாற்றினால் கருவி மீண்டும் பாடத் தொடங்குவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

அதற்கு மாறாக, கண்ணாடியின் உட்புறம் கருத்தோ, கண்ணாடிக்கு ரசம் பூசியது போல வெள்ளியாக மின்னியோ, கம்பி இருந்த சுவடே இல்லாமலோ இருந்தால், கம்பி ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. இது முழுமையான ஷார்ட்டின் அடையாளம். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயர் டையோடு ஒன்றோ, ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களோ, மின்னழுத்த எழுச்சியைத் தாங்கவென்று மின்சாரம் நுழையுமிடத்தில் வைத்த வாரிஸ்டரோ போயிருக்கும். இந்த நிலையில் புதிய ஃபியூஸைப் போடுவதால் கிடைப்பது இன்னொரு கருத்த ஃபியூஸ் மட்டுமே.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அனுபவசாலிகளையும் அது ஏமாற்றும். கம்பி முழுதாகத் தெரியும், ஆனால் உலோக மூடிக்குள் மறைந்திருக்கும் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கும். மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸிலோ உள்ளே பார்க்கவே முடியாது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், ஃபியூஸைக் கருவியிலிருந்து வெளியே எடுத்து வைத்து, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று காட்டும் நிலையில்) அல்லது ஓமில் வைத்துச் சோதிக்க வேண்டும். சுற்றுக்குள் இருக்கும்போதே அளந்தால், வேறு பாகங்கள் வழியாகச் செல்லும் பாதை பொய்யான விடையைத் தரலாம். ஒரு ஆம்பியருக்கு மேற்பட்ட நல்ல ஃபியூஸ் ஏறத்தாழச் சுழியம் காட்டும். 100 மில்லிஆம்பியர் போன்ற மிகச் சிறிய ஃபியூஸ்கள் சில ஓம் காட்டுவது இயல்புதான், அதைப் பழுது என்று எறிந்துவிடக் கூடாது.

ஃபியூஸோடு சேர்த்துக் கவ்வியையும் பாருங்கள் என்று நான் எப்போதும் சொல்வதுண்டு. கவ்வி தளர்ந்து பிடிப்பில்லாமல் இருந்தால், தொடும் இடமே சூடேறி, ஃபியூஸின் மூடி பழுப்பாகும். அந்தச் சூட்டில் ஃபியூஸ் தன் உரிய மதிப்புக்குக் கீழேயே அறுந்துவிடும். சரியான காரணம் தெரியாமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபியூஸ் போய்க்கொண்டிருந்த ஒரு ஆம்ப்ளிஃபயரில், கடைசியில் கோளாறு அந்தக் கவ்வியில்தான் இருந்தது.

அடுத்தது, உலோக மூடியில் பொறித்திருக்கும் எழுத்துகள். "டி 3.15 ஏ எல் 250 வி" என்று ஆங்கில எழுத்துகளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'டி' என்பது மெதுவாக உருகும் வகை. 'எஃப்' என்றிருந்தால் விரைவில் உருகும் வகை. ஐஇசி 60127 என்ற சர்வதேசத் தரத்தின்படி செய்யப்பட்ட 5 × 20 மில்லிமீட்டர் ஃபியூஸ்களில், மூடியில் குறித்த ஆம்பியர் மதிப்பைப் போலப் பத்து மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால், 'எஃப்' வகை 20 மில்லிவினாடிக்குள் அறுந்துவிட வேண்டும். 'டி' வகையோ வழக்கமான அளவுகளில் 20 மில்லிவினாடியாவது தாங்கி, 300 மில்லிவினாடிக்குள் அறுகிறது. ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர், குறிப்பாக வளைய வடிவ டொராய்டு வகை, சுவிட்ச் போட்ட கணத்தில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை இழுத்துக்கொள்ளும். காலியாக இருக்கும் கப்பாசிட்டர்களும் அதே கணத்தில் நிரம்பத் துடிக்கும். அந்த ஒரு கணத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் அங்கே 'டி' வகையை வைக்கிறார்கள். அந்த இடத்தில் 'எஃப்' வகையைப் போட்டுவிட்டு, நல்ல கருவியைப் பழுதென்று எண்ணித் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

3.15 என்பது ஆம்பியர். 'எல்' என்பது கண்ணாடி ஃபியூஸ்களுக்குரிய குறைந்த துண்டிப்புத் திறனையும், 'எச்' என்பது 1,500 ஆம்பியர் வரை பாதுகாப்பாகத் துண்டிக்கக்கூடிய, பெரும்பாலும் பீங்கானால் ஆன வகையையும் குறிக்கும். 'எச்' இருந்த இடத்தில் 'எல்' வைத்தால், பெரிய ஷார்ட்டின்போது கண்ணாடி வெடித்து, உள்ளே தீப்பொறி அணையாமல் தொடரக்கூடும். 250 என்பது தாங்கும் வோல்ட். அதற்குக் குறைந்த மதிப்புள்ளதை, வாகனங்களுக்கென்று செய்த 32 வோல்ட் ஃபியூஸ் போன்றவற்றை, மெயின் மின்சாரத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது. இன்னொன்று: மூடியில் இருப்பதை மட்டும் நம்பாமல், கருவியின் பின்பக்கத்திலோ போர்டிலோ ஃபியூஸ் அருகே அச்சிட்டிருக்கும் மதிப்போடு ஒப்பிடுங்கள். உங்களுக்கு முன் யாரோ ஒருவர் தவறான ஃபியூஸைப் போட்டிருக்கலாம். 115 வோல்ட்டுக்கும் 230 வோல்ட்டுக்கும் மாற்றி வைக்கக்கூடிய கருவிகளில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பு அச்சிட்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் தொழிலின் தொடக்க காலத்தில், நண்பர் ஒருவரின் வீட்டிலிருந்து ஓர் ஆம்ப்ளிஃபயர் வந்தது. மூடியைத் திறந்ததும் கருகிய வார்னிஷ் வாடை முகத்தில் அடித்தது. கவ்வியில் இருந்த ஃபியூஸை எடுத்துப் பார்த்தேன். அதன் மேல் வெள்ளித்தாளை நேர்த்தியாகச் சுற்றியிருந்தார்கள். ஒரே ஒரு டையோடு ஷார்ட் ஆகியிருந்ததால்தான் முதல் ஃபியூஸ் போயிருக்கிறது. அன்றைக்கே அந்த டையோடை மாற்றியிருந்தால் வேலை அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். வெள்ளித்தாள் உருக மறுத்ததால், டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் உருகியது. அதே அளவில் மறு டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காமல், மற்றபடி நல்ல நிலையில் இருந்த அந்தக் கருவி கடைசி வரை பாடவே இல்லை. அந்த வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆகையால் வெள்ளித்தாள், செப்புக் கம்பி, கூடுதல் ஆம்பியர் ஃபியூஸ் என்ற மூன்றையும் தற்காலிகத்துக்குக்கூட ஏற்க வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

சரியான ஃபியூஸ் கிடைத்த பிறகு, ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஒலி அளவைக் குறைத்து வைத்துக் கருவியைச் சோதிப்பது நல்லது. ஸ்பீக்கர் கம்பியின் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்ததே கோளாறுக்குக் காரணமாக இருப்பது உண்டு. கழற்றும்போதே அது கண்ணில் படும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவிகளுக்கு, பழுது பார்ப்பவர்கள் சீரிஸ் பல்பு வைத்துச் சோதிப்பார்கள்: 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின் மின்சாரத்தோடு தொடராக இணைத்து, அதன் வழியாகக் கருவிக்கு மின்சாரம் கொடுப்பது. பல்பு ஒரு முறை பளிச்சிட்டு மங்கிவிட்டால் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, ஆனால் புது ஃபியூஸ் தப்பித்துவிடும். அதற்கு எல்ஈடி பல்பு உதவாது.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் பிளஸ், மைனஸ் என இரண்டு ஃபியூஸ்கள் உள்ள ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்று மட்டும் போயிருந்தால், கூடுதல் கவனம் தேவை. பாதுகாப்பு ரிலே இல்லாத கருவிகளில், மீதமிருக்கும் பக்கத்தின் நேர்மின்சாரம் அப்படியே ஸ்பீக்கருக்குப் பாய்ந்து அதன் சுருளை எரித்துவிடலாம். ஃபியூஸை மாற்றிய பின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை நேர்மின்சார அளவில் வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம், வோல்ட் கணக்கில் காட்டினால் இணைக்கவே கூடாது.

மெயின் ஃபியூஸ் நன்றாகவே இருக்கிறது, மின்கம்பியும் சுவிட்சும் சரி, ஆனாலும் கருவிக்கு உயிர் இல்லை என்றால், டிரான்ஸ்ஃபார்மரில் மெயின் மின்சாரம் நுழையும் முதன்மைச் சுருளை அளந்து பாருங்கள். சில டிரான்ஸ்ஃபார்மர்களின் சுருளுக்குள்ளேயே, வெப்பத்தால் அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ் ஒன்றைப் புதைத்து வைத்திருப்பார்கள். அது போயிருந்தால் முதன்மைச் சுருளில் தொடர்ச்சி கிடைக்காது. அதை நீக்கிவிட்டு நேரடியாக இணைக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். தீப்பிடிப்பதைத் தடுக்க இருக்கும் கடைசிக் காவலை எடுத்துவிடுவதற்கு ஒப்பானது அது.

புதிதாகப் போட்ட சரியான ஃபியூஸும் உடனே போய்விட்டால், மூன்றாவது ஃபியூஸுக்குக் கையை நீட்டாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போன இரண்டு ஃபியூஸ்களையும் ஒரு காகிதத்தில் மடித்து, எது முதலில் போனது, போன நேரத்தில் கருவி என்ன செய்துகொண்டிருந்தது, சுவிட்ச் போட்ட கணமா, ஒலியைக் கூட்டிய கணமா, வெளியே இடி இடித்துக்கொண்டிருந்த நேரமா என்பதை அந்தக் காகிதத்திலேயே எழுதி, கருவியோடு சேர்த்துப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கருவியின் மூடியைத் திறப்பதற்கு முன்பே அவர் பாதி வேலையை முடித்துவிடுவார்.

இதுவரை பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.