கூருணர்வு தனிக் குணமா?

வணக்கம் நேயர்களே. தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூர் தேக்கா கடைத்தெரு நெரிசலில் சில பிள்ளைகள் துள்ளிக்கொண்டு போவார்கள். சில பிள்ளைகளோ காதைப் பொத்திக்கொண்டு, "வீட்டுக்குப் போகலாம்மா" என்று அழுவார்கள். அவர்களைத் தொட்டாற்சிணுங்கி என்றுவிடுவோம். இப்போது பெற்றோர் பலர் 'ஹைலி சென்சிட்டிவ்', அதாவது கூருணர்வு மிகுந்தவர்கள் என்கிறார்கள். உளவியலில் அப்படி ஒரு தனிக் குணம் உண்டா?

அமெரிக்க உளவியலாளர்கள் எலேன் ஆரனும் அவர் கணவர் ஆர்தர் ஆரனும் 1997இல் இதற்கென 27 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். பலத்த சத்தம் தொந்தரவு தருகிறதா, ஒரே நேரத்தில் பல வேலை வந்தால் பதற்றமா, கலையும் இசையும் உள்ளத்தை ஆழமாகத் தொடுகின்றனவா என்று போகும் கேள்விகள்.

சிக்கலும் இங்கேதான். சத்தத்துக்கும் பதற்றத்துக்கும் 'ஆமாம்' என்பவர்கள், எளிதில் கவலைப்படும் சுபாவத்தை அளக்கும் பழைய சோதனைகளிலும் பெரும்பாலும் உயர்ந்தே நிற்கிறார்கள். கலை பற்றிய கேள்வி, புதியதை நாடும் மனத்தோடு ஒத்துப்போகிறது. இரண்டும் ஏற்கெனவே உளவியலில் இருப்பவை. பிறகு புதுப் பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள்.

ஆனாலும் இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கவலைச் சுபாவம் கெட்டதற்கு வாடுவதைப் பற்றியது. கூருணர்வு என்ற கருத்தோ, நல்லது நடந்தாலும் இவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தழைப்பார்கள் என்கிறது. அதைச் சோதிக்க முடியும், சோதித்தும் இருக்கிறார்கள். உளவியலாளர்கள் மைக்கேல் புளூஸும் இலோனா பொனிவெல்லும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. இங்கிலாந்தின் ஏழ்மையான பகுதி ஒன்றில், சுமார் 11 வயதுச் சிறுமிகளுக்குப் பள்ளியிலேயே மனவுறுதிப் பயிற்சி கொடுத்தார்கள். கூருணர்வு மிகுந்த சிறுமிகளிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் தெரிந்தது. கூருணர்வு குறைந்தவர்களிடம் பெரிய மாற்றமில்லை. என்னை யோசிக்க வைத்தது இந்த வேறுபாடுதான். இதுபோன்ற முடிவுகள் திரும்பத் திரும்பக் கிடைத்தால்தான் கூருணர்வு தனி இடம் கேட்க முடியும். கேள்வித்தாளை மட்டும் வைத்து அதைக் கேட்க முடியாது.

ஒன்றைப் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டும். இது நோயின் பெயர் இல்லை. இணையத்தில் கேள்விகளை நிரப்பிவிட்டு, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. எழுதப்போகும் பிள்ளையின் எல்லாத் தடுமாற்றத்துக்கும் இதையே காரணமாக்காதீர்கள். தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போகவே மறுக்கிறதென்றால், பள்ளியின் ஆலோசகரிடம் பேசுங்கள். நன்றி, வணக்கம்.