73, 762, 62: அந்த வருஷம் என்ன டெஸ்ட் இருந்தது?

வணக்கம். பேஸ்பால்ல ஹோம் ரன் (பந்தை மைதான வேலிக்கு வெளியே அடிக்கறது) சாதனையைப் பத்திப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க: "அந்த வீரர் எந்த ஊக்கமருந்து டெஸ்ட்லயும் மாட்டலையே!" அப்ப நீங்க திருப்பிக் கேக்க வேண்டியது ஒண்ணுதான். எந்த வருஷம், என்ன டெஸ்ட்?

முதல்ல கணக்கு. ஒரே சீசன்ல 61க்கு மேல ஹோம் ரன் அடிச்சது அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்ல மொத்தமே 7 தடவை. அதுல 6 தடவை 1998ல இருந்து 2001க்குள்ள நடந்தது. மார்க் மக்வயர் 70, 65. சாமி சோசா 66, 63, 64. பாரி பாண்ட்ஸ் 73. அதுக்கு முன்னாடி ரோஜர் மாரிஸ் 1961ல அடிச்ச 61, 37 வருஷம் அசையாம நின்னுது.

அந்த நாலு வருஷமும் மேஜர் லீக்ல ஸ்டீராய்டு டெஸ்ட்டே கிடையாது. தடைன்னு 1991லயே லீக் தலைவர் (கமிஷனர்) சுற்றறிக்கை விட்டாச்சு. ஆனா வீரர்கிட்ட சிறுநீர் வாங்கணும்னா வீரர்கள் சங்கம் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். அது 2002லதான் நடந்துச்சு. தான் ஸ்டீராய்டு எடுத்ததை மக்வயர் 2010ல அவரே ஒத்துக்கிட்டார். அதனால அந்தக் காலத்து எண்களுக்கு "டெஸ்ட்ல பாஸ்"ங்கற பேச்சே பொருந்தாது. பரீட்சையே வைக்கலையே!

2003ல வந்தது வெறும் கணக்கெடுப்பு. பேர் வெளியே வராது, தண்டனை இல்லை. 5 சதவீதத்துக்கு மேல பாசிட்டிவ் வந்தா அடுத்த வருஷம் நிஜ டெஸ்ட்னு ஏற்பாடு. டெஸ்ட் வருதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சும் 5ஐத் தாண்டிருச்சு. 2004ல முதல் தடவை மாட்டினா சிகிச்சை மட்டும். 2005ல 10 நாள், 2006ல 50 ஆட்டம். 2014ல இருந்து முதல் தடவை 80 ஆட்டம், ரெண்டாவது 162, மூணாவது ஆயுள் தடை. பாண்ட்ஸ் மொத்தமா ஆடின காலத்துல அடிச்ச 762ஐ இதோட வச்சுப் பாருங்க. 2003 முடியறப்பவே அவர் 658 அடிச்சாச்சு. தண்டனை உள்ள டெஸ்ட் வந்தப்புறம் அடிச்சது 104. ஸ்டீராய்டைத் தெரிஞ்சு எடுக்கலைன்னுதான் அவர் தரப்பு சொன்னது. வீரர்களுக்கு ரகசியமா ஸ்டீராய்டு கொடுத்த பால்கோங்கற கம்பெனி பத்தின விசாரணைக்கு இடைஞ்சல் செஞ்சார்னு 2011ல வந்த தீர்ப்பும் 2015ல ரத்தாச்சு. நான் இங்க பேசறது டெஸ்ட்டைப் பத்தி.

அந்த டெஸ்ட்டுக்கே ஓட்டை இருந்துச்சு. சிறுநீர்ல டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), அதோட சாயல்ல இருக்கற எபிடெஸ்டோஸ்டிரோன் ரெண்டையும் அளப்பாங்க. பெரும்பாலானவங்களுக்கு ஏறக்குறைய 1க்கு 1. டெஸ்டோஸ்டிரோனை வெளியில இருந்து போட்டா முதல் எண் மட்டும் ஏறும். முன்னாடி 6க்கு 1 வரைக்கும் விட்டாங்க, அப்புறம் 4க்கு 1னு இறுக்கினாங்க. பால்கோ கம்பெனி "கிரீம்"ல என்ன பண்ணாங்கன்னா, டெஸ்டோஸ்டிரோனோட எபிடெஸ்டோஸ்டிரோனையும் கலந்தாங்க. ரெண்டும் சேர்ந்து ஏறினா விகிதம் அசையாது. "கிளியர்"னு சொன்ன டிஹெச்ஜி இன்னொரு ரகம். வழக்கமான முறையில சூடாக்கிச் சோதிக்கறப்ப அது சிதைஞ்சு போயிடும், கருவி கண்ணுக்கே தெரியாது. 2003ல ஒரு பயிற்சியாளர் சிரிஞ்சோட அனுப்பி வச்சப்புறம்தான் லாஸ் ஏஞ்சலஸ் லேப் கண்டுபிடிச்சுது. இது போக, சிலருக்குப் பிறவியிலயே, டெஸ்டோஸ்டிரோனைச் சிறுநீர்ல வெளியேத்த உதவற யுஜிடி2பி17ங்கற மரபணு இருக்காது. கிழக்காசியாவுல இது ரொம்பச் சாதாரணம். அவங்க ஊசி போட்டாலும் விகிதம் பெருசா ஏறாது.

இதுக்குத் தீர்வு கார்பன் ஐசோடோப் டெஸ்ட். எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது! மருந்து டெஸ்டோஸ்டிரோனை சோயா மாதிரி செடியில இருந்து செய்யறாங்க. அதுல கார்பன் 13 (கார்பன்ல கொஞ்சம் கனமான வகை) கொஞ்சம் குறைவு. நம்ம உடம்பு கலப்பு உணவுல இருந்து செய்யறதுல கொஞ்சம் கூட. அதே சாம்பிள்ல, டெஸ்டோஸ்டிரோன் உடைஞ்சு வர்ற பொருளையும், ஊசியால மாறாத ப்ரெக்னேன்டையால்ங்கற உடம்போட சொந்தப் பொருளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுவாங்க. ஆயிரத்துக்கு 3 அளவு வித்தியாசம் தாண்டினா வெளியில இருந்து வந்த சரக்கு. விகிதத்தை ஏமாத்தலாம், இதை ஏமாத்தறது ரொம்பக் கஷ்டம். 2014ல இருந்து ஒவ்வொரு வீரருக்கும் வருஷத்துல ஒரு சாம்பிளாவது இப்படிப் பாக்கறாங்க.

வேதியியல் சரியா இருந்தும் கேஸ் விழுந்திருக்கு. சாம்பிள் எடுக்கறவர் கண் முன்னாலதான் கொடுக்கணும். ஏ, பி ரெண்டு பாட்டில்ல பிரிச்சு சீல் வச்சு அன்னிக்கே லேபுக்கு அனுப்பணும். மேஜர் லீக் வீரர் ரையன் பிரான் கேஸ்ல, 2011 அக்டோபர்ல சனிக்கிழமை எடுத்த சாம்பிள் திங்கக்கிழமை வரைக்கும், ஏறக்குறைய 44 மணி நேரம், எடுத்தவர் வீட்டுலயே இருந்துச்சு. சீல் உடையலை. ஆனா விதி மீறல்னு, மேல்முறையீட்டை விசாரிச்ச நடுவர் தடையை ரத்து பண்ணிட்டார். 2013ல, பயோஜெனிசிஸ்ங்கற கிளினிக் வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த விவகாரத்துல அதே பிரானுக்கு 65 ஆட்டத் தடை, அப்புறம் அவரே ஒத்துக்கிட்டார். கூரியர் நேரம்கூட ஒரு முடிவைக் கவுத்துடும், பாத்தீங்களா?

2022ல ஆரன் ஜட்ஜ் அடிச்ச 62 இவ்வளவும் அமல்ல இருக்கறப்ப வந்த எண். அதனால அதுக்கு நான் கூட மதிப்புக் கொடுக்கறேன். ஆனாலும் ஒரு இடைவெளி பாக்கி. வளர்ச்சி ஹார்மோனுக்கு ரத்தம்தான் எடுக்கணும். வழக்கமான டெஸ்ட்ல அது ஒண்ணு ரெண்டு நாளைக்குத்தான் தெரியும்.

சாதனைப் புத்தகத்துல இந்த எண்கள் சந்தேகத்துக்குரியதுன்னு நட்சத்திரக் குறி போடச் சொல்றாங்க சிலர். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துல "அப்ப இருந்த டெஸ்ட்"னு ஒரு கட்டம் போடுங்க, போதும். பேப் ரூத்தோட 60, மாரிஸோட 61, ஹாங்க் ஏரன் மொத்தமா அடிச்ச 755 பக்கத்துலயும் "டெஸ்ட் இல்லை"ன்னுதான் வரும். வரட்டுமே, உண்மை அதுதானே? சுறுசுறுப்பு தர்ற ஆம்ஃபெட்டமைன் மருந்துக்கே 2006லதான் டெஸ்ட் வந்துச்சு.