எச்.ஐ.வி பாடத்தை வகுப்புல எப்படி நடத்துறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் டீச்சர் அனுப்பியிருக்காங்க. "பத்தாம் வகுப்புல எய்ட்ஸ் பகுதி வரும்போது பிள்ளைங்க சிரிக்கிறாங்க. நானும் புத்தகத்துல இருக்கிறதை வாசிச்சுட்டு அடுத்த தலைப்புக்குப் போயிடறேன். டிசம்பர் 1 எய்ட்ஸ் தின ஊர்வலம் மட்டும் வருஷா வருஷம் நடக்குது. இதுக்கு மேல என்ன செய்யலாம்? பெத்தவங்க சண்டைக்கு வந்தா என்ன பண்றது?"

சரிங்க டீச்சர். ஊர்வலம் நடக்கட்டும். ஆனா பேனர் பிடிச்சுட்டுப் போன பையன்கிட்ட, எச்.ஐ.வி எதுல இருக்கும்னு கேட்டுப் பாருங்க. "தப்பான பழக்கத்துல"ன்னு சொல்வான். வைரஸ் பழக்கத்துல இருக்காதுங்க, திரவத்துல இருக்கும். அங்கருந்துதான் ஆரம்பிக்கணும்.

இதுக்கு ரெண்டு பீரியடு ஒதுக்குங்க, அடுத்தடுத்த நாள்ல. ஏன் ரெண்டுன்னு பின்னாடி சொல்றேன்.

முதல் பீரியடு, போர்டுல எச்.ஐ.வி பரவுற அஞ்சு திரவத்தோட பேரை எழுதுங்க: இரத்தம், விந்துத் திரவம், பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால். நாலாவதைக் கூச்சப்பட்டு நிறைய பேர் விட்டுடறாங்க. விட்டா, அந்த வழியில பரவவே பரவாதுன்னு பசங்க முடிவு பண்ணிக்குவாங்க. உண்மையில உடலுறவு வழிகள்ல ஆபத்து அதிகமானதே அதுதான். பக்கத்துல, எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர்னு எழுதி, இதுல பரவாதுன்னு கோடு போடுங்க. சிரிப்பாங்க. ஒரு நிமிஷம் சிரிக்கட்டும். நீங்க 'செரிமானம்'னு சொல்ற அதே குரல்ல சொல்லிட்டே போங்க. டீச்சர் குரல் தாழ்ந்தாதான் பின் பெஞ்சு ஜாஸ்தி சிரிக்கும்.

அடுத்தது ஒரு செய்முறை. நம்ம ஆரத்தித் தண்ணி சிவக்கிற அதே வேதியியல்தான். வெத்தலைக் கடைச் சுண்ணாம்பு ஒரு ஸ்பூன், ஒரு லிட்டர் தண்ணியில கலக்கி ராத்திரி முழுக்க தெளிய விடுங்க. காலையில மேல இருக்கிற தெளிவை மட்டும் எடுக்கணும். 20 டம்ளர், எல்லாத்துலயும் பாதி அளவு. 19-ல வெறும் தண்ணி, ஒண்ணுல மட்டும் அந்தத் தெளிவு. பார்த்தா வித்தியாசம் தெரியாது. ஜோடி ஜோடியா ஒருத்தர் டம்ளரை இன்னொருத்தர் டம்ளர்ல முழுக்க ஊத்தி, பாதியைத் திரும்ப எடுத்துக்கணும். வேற வேற ஜோடியோட மூணு சுற்று. கடைசியா எல்லா டம்ளர்லயும் மஞ்சள் கரைசல் அரை ஸ்பூன் விடுங்க. ஒரு டம்ளர்ல இருந்தது எட்டு டம்ளர் வரைக்கும் சிவந்து நிக்கும்.

இதுல சொதப்புற இடம் மூணு. போர் தண்ணி எடுத்தா, சில ஊர்ல வெறும் தண்ணியே லேசா நிறம் மாத்தும். கேன் தண்ணி எடுங்க, முந்தின நாளே ஒரு தடவை செஞ்சு பாருங்க. ரெண்டாவது, "முதல் டம்ளர் யார்கிட்ட இருந்துச்சு"ன்னு தேட விடாதீங்க. அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கே பட்டப்பேர் வெச்சுடுவாங்க. டம்ளர்களை நீங்களே இடம் மாத்தி, உங்களுக்கும் தெரியாத மாதிரி வெச்சுடுங்க. மூணாவதுதான் பெரிசு: டம்ளர் மாத்திக் குடிச்சா எச்.ஐ.வி வரும்னு புரிஞ்சுட்டுப் போயிடுவாங்க! இந்தத் தண்ணி போர்டுல இருக்கிற அஞ்சு திரவத்துக்குப் பதிலா வெச்சது, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா பரவாதுன்னு ரெண்டு தடவை சொல்லுங்க. இதை யாரும் குடிக்கக் கூடாதுன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க, சுண்ணாம்புத் தண்ணி கண்ணுல பட்டா எரியும்.

எலும்பும் தோலுமா படுத்திருக்கிற பழைய போட்டோவை எல்லாம் தயவு செஞ்சு காட்டாதீங்க. அதைப் பார்த்த பையன், நல்லா ஜம்முனு இருக்கிறவங்களுக்கு எச்.ஐ.வி இருக்காதுன்னு நம்பிடுவான். சிகிச்சை இல்லாட்டியே தொற்றுல இருந்து எய்ட்ஸ் நிலைக்கு, அதாவது உடம்போட எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைஞ்ச நிலைக்கு வர சராசரியா 8, 10 வருஷம் ஆகும். எச்.ஐ.வி-க்குச் சிகிச்சை கொடுக்கிற அரசு ஏ.ஆர்.டி மையத்துல மருந்து இலவசம், இப்போ பெரும்பாலானவங்களுக்கு தினம் ஒரே மாத்திரை. விடாம சாப்பிட்டு, ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே நின்னுட்டா, உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது. இதையும் சொல்லணும். ஏன்னா உங்க வகுப்புலயே பிறவியிலிருந்து அந்த மாத்திரை சாப்பிடற ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். யாருன்னு தேடக் கூடாது. தெரிஞ்சதை வெளியே சொல்றதும் கூடாது, அதை 2017 எச்.ஐ.வி, எய்ட்ஸ் சட்டம் தடுக்குது.

முடியறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி எல்லாருக்கும் ஒரே அளவுல வெட்டின சீட்டு கொடுங்க. எல்லாரும் எழுதணும். கேள்வி இல்லாதவங்க "கேள்வி இல்லை"ன்னு எழுதணும். இல்லைன்னா யார் எழுதறாங்கன்னு பக்கத்துல இருக்கிறவன் எட்டிப் பார்ப்பான். தனியா பேசணும்னா மட்டும் பேர் எழுதலாம்னு சொல்லுங்க. பெட்டியைப் பூட்டி நீங்களே எடுத்துட்டுப் போங்க. வாங்கின உடனே வகுப்புலயே பிரிச்சுப் படிக்கிறதுதான் பெரிய தப்பு. நீங்க முதல்ல தனியா படிச்சுட்டு, அடுத்த நாள் பதில் சொல்லணும், அதுக்குத்தான் ரெண்டு பீரியடு.

வர்ற கேள்வி என்னன்னு ஓரளவு ஊகிக்கலாம். கொசு கண்டிப்பா இருக்கும். கொசு குடிச்ச ரத்தம் அது வயித்துலயே செரிச்சுடும். கடிக்கும்போது உள்ள விடறது அதோட எச்சில்தான். மலேரியாக் கிருமி கொசுவுக்குள்ள வளரும், எச்.ஐ.வி வளராது. சலூன் பிளேடுல எச்.ஐ.வி ஆபத்து ரொம்பக் குறைவு, ஆனா கல்லீரலைத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி வரலாம், புது பிளேடு கேளுங்க. திருவிழாவுல பச்சை குத்தறவங்க ஊசியை மாத்தினாலும், மையை எல்லாருக்கும் ஒரே கிண்ணத்துல தொட்டா பிரயோஜனம் இல்லை. போதை ஊசியைப் பத்தியும் கேட்பாங்க. ஊசிக் குழலுக்குள்ள ரத்தம் தங்கும், தண்ணியில அலசினா போகாது. அங்க இழுக்காம நேரா பேசுங்க. ஆணுறைன்னு கேட்டிருந்தா அந்த வார்த்தையைச் சொல்லியே பதில் சொல்லுங்க, சரியா பயன்படுத்தினா தடுக்கும்னு. பத்தாம் வகுப்புக்கு மாடல் வெச்சுச் செஞ்சு காட்டத் தேவையில்லைங்கிறது என் அபிப்பிராயம்.

பெத்தவங்க விஷயம். பாடத்தை முடிச்சுட்டுச் சமாதானம் சொல்லாதீங்க. முன்னாடியே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல, தலைமை ஆசிரியரை வெச்சுக்கிட்டு, போர்டுல எழுதப் போறதை அப்படியே படிச்சுக் காட்டுங்க. பாடப்புத்தகத்துல அந்தப் பக்கத்தையும் திறந்து காட்டுங்க. அதுக்கப்புறம் சண்டை பெரும்பாலும் வராது. வீட்டுல கேட்க முடியாததைக் கேட்க 1097-ங்கிற எய்ட்ஸ் உதவி நம்பர் இருக்குன்னு போர்டுல எழுதி விடுங்க. இலவசப் பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துல. 18 வயசுக்குக் கீழேன்னா பெற்றோர் சம்மதம் வேணும்.

கடைசியா ஒண்ணு. சீட்டுல யாராவது, மாமா என்கிட்ட தப்பா நடந்துக்கிறாருன்னு எழுதியிருக்கலாம். அதனால சீட்டு கொடுக்கும்போதே, "உங்களை யாராவது துன்புறுத்தினா அதை மட்டும் என்னால ரகசியமா வெச்சுக்க முடியாது, உதவிக்கு ஆள் கூப்பிடுவேன்"னு சொல்லிடுங்க. குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கிற போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவிக்கிறது உங்க கடமை. ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டேன்ங்கிறது போதாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம். அப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் தொற்று வராம இருக்க எச்.ஐ.வி தடுப்பு மாத்திரைன்னு ஒண்ணு இருக்கு. சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் சாப்பிடணும். அதனால வெள்ளிக்கிழமை வாங்கின பெட்டியைத் திங்கட்கிழமை பிரிக்கலாம்னு வெச்சுடாதீங்க. அன்னைக்குச் சாயங்காலமே எல்லாச் சீட்டையும் படிச்சு முடிச்சுடுங்க.