முதல் கோட்டைப் போட்டவர் யார்?

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசி அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, என் அணித் தோழர்களே, இந்தக் குளிரிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் இலங்கை மலையகத்து ஹட்டன் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஊரின் வடிவத்தைத் தீர்மானிப்பது வரைந்தவரின் எண்ணமா, வாழ்ந்தவரின் கையா?" இதுதான் இன்றைய தலைப்பு. வரைந்தவரின் எண்ணமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தைக் கட்டியவன் வெள்ளைக்காரனாக இருக்கலாம், ஆனால் அதை ஊராக்கியவர்கள் நம்முடைய பாட்டன் பாட்டிமார் என்றார். இஸ்தோப்பு என்ற முன் திண்ணையை அடைத்து அடுப்படி ஆக்கினார்கள், வாசலில் ரோசாச் செடி வைத்தார்கள், வரிசையின் கடைசி அறையான தொங்கல் காம்பராவுக்குப் பக்கத்தில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள் என்றார். நீங்கள் தட்டிய கை ஓய நேரமாயிற்று. நானும் சேர்ந்துதான் தட்டினேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் நடுவர் அவர்களே, அவர் அடுக்கிய அத்தனையும் சுவருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நடந்தவை. அந்தச் சுவர் ஓர் அடியாவது நகர்ந்ததா?

லயத்துக் காம்பராவின் பழைய அளவு இங்கே இருக்கும் பலருக்கு மனப்பாடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. 120 சதுர அடிக்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள், வயதான தாத்தா, விறகு, கொழுந்துக் கூடை. அதிலும் இரட்டை லயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வரிசை. நடுக் காம்பராவுக்கு இடப்புறம் ஒரு வீட்டுச் சுவர், வலப்புறம் ஒரு வீட்டுச் சுவர், பின்னால் இன்னொரு வீட்டுச் சுவர். கதவு இருக்கும் அந்த ஒரே பக்கத்தில்தான் ஜன்னலும் வைக்கலாம். காற்று ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியேற வழி வேண்டும் என்பது ஓலைக் குடிசை போடுகிறவருக்கும் தெரிந்த விஷயம். மழை மாதத்தில் ஈர விறகை ஊதி ஊதி எரிய வைத்த தாய்மார்களே, அந்தப் புகை எங்கே போனது? பிள்ளையின் நெஞ்சுக்குள் போனது. அதைத் தீர்மானித்தது வாழ்ந்தவரின் கையா?

ஒரு பெண்பிள்ளை பெரியவளானால் அந்த ஒற்றைக் காம்பராவில் என்ன செய்தார்கள்? அம்மாவின் பழைய சேலையைக் குறுக்கே கட்டினார்கள். அந்தச் சேலைக்கு அந்தப் பக்கம் பிள்ளை, இந்தப் பக்கம் குடும்பம், சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஆட்கள். அந்தச் சேலையைக் கட்டிய கையை நான் கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் கைக்குச் சேலை கட்டத்தான் இடமிருந்தது, சுவர் எழுப்ப இடமில்லை. இதுதான் என் வாதத்தின் உயிர்.

ஏன் அப்படிக் கட்டினார்கள்? கஞ்சத்தனம் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. அதற்குள்ளே ஓர் எண்ணமும் இருந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆட்கள் கூட்டமாகத் தேவைப்பட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். பருவம் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். வந்து போகிறவருக்குப் படுக்க ஓர் இடம் போதும் என்று நினைத்து, பட்டாளத்துக்காரர் தங்கும் கொட்டகை மாதிரி வரிசையாகக் கட்டினார்கள். 1869-இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் கோப்பி அழிந்தே போனது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் பயிரிட்டுக் காட்டிய தேயிலை மலை முழுக்கப் பரவியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். குடும்பம் குடும்பமாக நம்மவர்கள் இங்கேயே நிலைத்தார்கள். பயிர் மாறியது, வேலை மாறியது, வாழ்க்கை மாறியது. லயத்தின் வடிவம் மாறவில்லை! நேற்று வந்து நாளை போகிறவருக்காகப் போட்ட கோட்டுக்குள் ஐந்தாறு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

இவர்கள் இந்த மண்ணுக்குரியவர்கள் அல்லர், வந்து போகிறவர்கள் என்ற எண்ணம் முதலில் கல்லிலும் தகரத்திலும்தான் எழுதப்பட்டது. 1948-இல் குடியுரிமைச் சட்டமாக அது தாளிலும் எழுதப்பட்டது. கட்டடம் முந்தியது, சட்டம் பிந்தியது.

இன்னும் ஒன்று. தோட்டத்தில் நிர்வாகியான துரையின் பங்களா எங்கே இருக்கும்? மேட்டில். அங்கிருந்து பார்த்தால் லயம் தெரியும், தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோர் தெரியும், வேலைக்கு ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்பதும் தெரியும். லயத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் பங்களாவின் புகைபோக்கியும் சவுக்கு மரமும் மட்டும் தெரியும். ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சிறைச்சாலைக்குத் திட்டம் போட்டார். நடுவில் ஒரு காவல் கோபுரம், சுற்றிலும் வட்டமாக அறைகள். காவலர் எல்லோரையும் பார்க்கலாம், காவலர் பார்க்கிறாரா என்று கைதிக்குத் தெரியாது. அவரைப் படித்துவிட்டுத்தான் நம் தோட்டங்களைப் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்தில் யாரை வைக்கிறோம் என்பதே ஓர் ஆட்சி என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. பங்களா மேட்டில் இருக்கும்வரை துரை வாயே திறக்க வேண்டியதில்லை.

சரி, இது வெள்ளைக்காரன் காலத்துக் கொடுமை, இதை வைத்து எல்லா ஊரையும் அளக்கலாமா என்று அண்ணன் கேட்பார். நல்ல எண்ணத்தோடு போட்ட கோட்டையும் பார்ப்போம். மதுரைக்குப் போனவர்கள் சொல்லுங்கள். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. சாமி புறப்பாட்டை நடுவில் வைத்து ஒரு நகரத்தை வீதி வீதியாக விரித்திருக்கிறார்கள். அரசர்கள் போனார்கள், கும்பினி வந்தது, அதுவும் போனது. கடைகள் ஆயிரம் தடவை கைமாறியிருக்கும். சித்திரைத் தேர் இன்றைக்கும் மாசி வீதியில்தான் திரும்புகிறது.

அவ்வளவு தூரம் போவானேன், நம்முடைய கண்டிக்கு வாருங்கள். மதுரை நாயக்கர் உறவில் வந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு முன்னால் இருந்த வயலை மறித்துக் குளமாக்கினான். எண்கோண மண்டபமும், மேகம் சுருண்டாற்போல் வளைந்து போகும் மதிலும் அவன் காலத்து வேலை. அரசவைக் கட்டடக் கலைஞர் தேவேந்திர மூலாச்சாரியின் கைவண்ணம் என்பார்கள். அந்தக் குளத்தை வெட்ட மக்கள் பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது, அவன்மீது வெறுப்பு வளர அதுவும் ஒரு காரணம். 1815-இல் அவன் முடி போனது, 1832-இல் வேலூரில் உயிரும் போனது. ஆனால் இன்றைக்குக் கண்டிக்குப் போகும் பஸ் எதைச் சுற்றிக்கொண்டு போகிறது? அவன் வெட்டிய குளத்தை. அந்த நகரத்தில் குடியிருக்கும் ஒருவர்கூட அந்த வளைவை நேராக்க முடியாது.

ஹட்டனைப் பற்றி அண்ணன் பெருமையாகச் சொன்னார். கடை வைத்தவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் சேர்ந்து எழுப்பிய பட்டணம் இது என்றார். நானும் ஹட்டன்காரன்தான், அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கடை ஏன் இங்கே வந்தது? 1884-இல் ரயில் இங்கே வந்தது. தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகம் போக வேண்டும், அதற்காகப் பாதை வந்தது, ஸ்டேஷன் வந்தது. அதன் பின்னால்தான் கடைகள் வந்தன. ரயில் பாதையை நாலு மைல் தள்ளிப் போட்டிருந்தால் அந்தக் கடைகளும் நாலு மைல் தள்ளித்தான் இருந்திருக்கும், இந்தப் பட்டிமன்றமும் அங்கேதான் நடந்திருக்கும்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டியில் பிறந்த மினட் டி சில்வா. 1948-இல், நம் மக்களின் குடியுரிமை பறிபோன அதே வருடத்தில், பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களில் கண்டி வட்டப்புலுவையில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் கட்டும் வேலை அவரிடம் வந்தது. அவர் முதலில் பென்சிலைத் தொடவில்லை. குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். வீட்டில் எத்தனை பேர், எப்படிச் சமைப்பீர்கள், உங்கள் பழக்கவழக்கம் என்ன, எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் வரைந்தார். மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல், சரிவுக்கு ஏற்றாற்போல் வீடுகளை வைத்தார்.

இது எங்கள் கட்சி என்று அண்ணன் கை தூக்குவது தெரிகிறது. இல்லை அண்ணே. உத்தியோகத்தர்களுக்கு அந்தத் தேவைகள் முன்பே இருந்தன. ஒருவர் அவற்றைக் கேட்டு, கோட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதானே அவை அறையாகவும் வாசலாகவும் மாறின? நம் மக்களுக்குத் தேவை இல்லாமலா இருந்தது? நூற்றைம்பது வருடமாக ஜன்னல் கேட்டோம். வரைகிறவர் கேட்காதவரை அது வெறும் முறைப்பாடு.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிரோடு புதைந்தவர்கள் நம்முடைய ஆட்கள். அந்த லயங்கள் எந்தச் சரிவில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள் அல்லர். அவர்களும் ரோசாச் செடி வைத்துத்தான் இருப்பார்கள், கோயில் கட்டிக் கும்பிட்டுத்தான் இருப்பார்கள். வாழ்ந்தவரின் கைதான் ஊரைத் தீர்மானிக்கிறது என்றால், அந்த மரணங்களுக்கு யார் பொறுப்பு என்று நான் அண்ணனைப் பணிவோடு கேட்கிறேன். "நீங்கள்தான் உங்கள் ஊரை உருவாக்கினீர்கள்" என்று சொல்வது கேட்க இனிமையாக இருக்கும். கோடு போட்டவர்கள் அந்த இனிமைக்குள் ஒளிந்துகொள்வார்கள். அதனால்தான் இந்த அணியில் நிற்கிறேன்.

இப்போது தனிவீடுகள் வருகின்றன. 7 பேர்ச் காணி, அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி நிலம், இந்திய உதவித் திட்டத்தில் 550 சதுர அடி வீடு, இரண்டு படுக்கையறை, சமையலறை, கழிவறை. 120 சதுர அடியில் பிறந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். திறந்து வைத்த வீட்டுக்குள் போன ஒரு கிழவி, சமையலறையின் பின்கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். பின்கதவு! லயத்தில் அது இருந்ததில்லை.

ஆனால் வீடு மட்டும் ஊராகாது. அந்த 7 பேர்ச்சுக்கு உறுதிப்பத்திரம் யார் பெயரில்? மழைத்தண்ணீர் போகும் கான் எந்தப் பக்கம் இறங்குகிறது? மேல் வரிசை வீட்டுத் தண்ணீர் கீழ் வரிசை வீட்டு அத்திவாரத்தில் விழுமா? காமன் கூத்து ஆட, தப்படிக்க, கல்யாணப் பந்தல் போட ஒரு வெளியிடம் விட்டிருக்கிறார்களா? பிள்ளைகள் படிக்க ஒரு வாசிகசாலைக்கு இடம் உண்டா? மகனுக்குக் கல்யாணமானால் இன்னோர் அறை கட்ட இடம் விட்டிருக்கிறார்களா? இவை எல்லாம் வீடு எழும்பிய பிறகு கேட்கும் கேள்விகள் அல்ல. கொங்கிரீட் இறுகிய பிறகு நம் கைக்கு மிஞ்சுவது மறுபடியும் ரோசாச் செடியும் குறுக்கே கட்டும் சேலையும்தான்.

நடுவர் அவர்களே, இந்தச் சபையில் தோட்டத் தலைவர்மார் இருக்கிறார்கள், மாதர் சங்கத்து அக்காமார் இருக்கிறார்கள், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கட்டடக் கலை படிக்க ஆசைப்படும் பிள்ளைகளும் இருப்பார்கள். அடுத்த முறை உங்கள் டிவிசனுக்குப் பொறியியலாளர் வரைபடச் சுருளோடு வந்தால், அதைப் பிரட்டுக்களத்தில் விரிக்கச் சொல்லுங்கள். அளவுக்கயிறு பிடிக்கும் முன்னே, முளை அடிக்கும் முன்னே விரிக்கச் சொல்லுங்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் அதைச் சுற்றி நின்று, எங்கே அடுப்பு, எங்கே கான், எங்கே வழி என்று விரல் வைத்துக் காட்டட்டும். அந்த விரல் காட்டிய இடத்தில் கோடு மாறிய பிறகு அத்திவாரம் வெட்டட்டும்.

நன்றி, வணக்கம்.