சிலுவை நமக்குத் தந்தது பெரிதும் பொறுப்பே!

நடுவர் அவர்களே, எதிரணியில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் அண்ணாச்சி அவர்களே, அக்கா அவர்களே, பாளையங்கோட்டை வெயில் தணியட்டும் என்று காத்திருந்து இந்தப் பந்தலுக்கு வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலப் பட்டிமன்றம் என்றாலும் அக்கம்பக்கத்து இந்து வீட்டுக்காரர்களும் முஸ்லிம் வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். 'சிலுவை மனிதனுக்குத் தந்தது பெரிதும் ஆறுதலா, பொறுப்பா?' ஆறுதலே என்று அண்ணாச்சி பேசி உட்கார்ந்துவிட்டார். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் பொறுப்பே என்று பேச வந்திருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு யாரும் அழப்போவதில்லை. வீட்டுக்குப் போனதும் ரெண்டு பேர் வைவீர்கள், அவ்வளவுதான்.

அண்ணாச்சி சொன்னதில் ஒன்றை நான் மறுக்கவே மாட்டேன். "நம்முடைய பாவத்துக்காக அவர் மரித்தார், 'முடிந்தது' என்று சொல்லித் தலையைச் சாய்த்தார், இனி நாம் கட்ட வேண்டிய பாக்கி ஒன்றும் இல்லை" என்றார். சரி. அந்த நம்பிக்கையில்தான் நானும் நற்கருணை வாங்குகிறேன். பாக்கி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வேலையும் இல்லை என்று யார் சொன்னது அண்ணாச்சி? பைபிளில் பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம், ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிழைத்திருக்கிறவர்கள் இனித் தங்களுக்கென்று பிழைத்திராமல், தங்களுக்காக மரித்து எழுந்தவருக்கென்று பிழைத்திருக்கும்படி அவர் மரித்தார் என்று எழுதியிருக்கிறது. எதற்காக மரித்தார் என்பதற்கு அப்போஸ்தலனே காரணம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆறுதலோடு நிறுத்திக்கொள்ள அந்த வசனம் விடவில்லை.

அடுத்து, இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கின அந்தக் கள்ளனை அண்ணாச்சி கொண்டுவந்து நிறுத்தினார். "அவன் என்ன பொறுப்பைச் சுமந்தான்? ஒரு வார்த்தை கேட்டான், பரதீசு கிடைத்தது" என்றார். கைதட்டல் வேறு. லூக்கா 23-ஐ ஒரு நாலு வரி முன்னாலிருந்து வாசித்தால் கைதட்டியிருக்க மாட்டீர்கள். மறுபக்கத்தில் தொங்கின இன்னொரு கள்ளன் இயேசுவைப் பரிகாசம் பண்ணுகிறான். இவன் அவனைக் கடிந்துகொள்கிறான். நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், இவரோ தகாததொன்றையும் நடப்பிக்கவில்லையே என்கிறான். யோசித்துப் பாருங்கள். தீர்ப்புச் சொன்ன ரோம அதிகாரி பிலாத்து கை கழுவிவிட்டான். கூடவே இருந்த சீஷன் பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று சொல்லிவிட்டான். எருசலேமில் அன்றைக்கு வாயுள்ளவன் அத்தனை பேரும் பேசாமல் இருந்தபோது, இது அநியாயம் என்று சத்தமாகச் சொன்னவன் அந்தக் கள்ளன். கையிலும் காலிலும் ஆணி, வாய் ஒன்றுதான் மிச்சம். மிச்சமிருந்ததை வைத்து அவன் செய்ய வேண்டியதைச் செய்தான். என்னை நினைத்தருளும் என்று அவன் தனக்காகக் கேட்டது அதற்கப்புறம்தான்.

அக்கா வேறொன்று சொன்னார்கள். பயம் வந்தால் கழுத்திலிருக்கும் சிலுவையைப் பிடித்துக்கொள்வேன், தைரியம் வந்துவிடும் என்றார்கள். நானும் பிடிப்பேன் அக்கா, பரீட்சை ரிசல்ட் வருகிற அன்றைக்கெல்லாம் அந்தச் செயின் அறுந்துபோகிற அளவுக்குப் பிடித்திருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் அந்த மரம் என்னவென்று கொஞ்சம் நினைக்க வேண்டும். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமர் வைத்திருந்த தண்டனை அது. ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை ஒடுக்கிய பிறகு, கி.மு. 71-இல், பிடிபட்ட 6000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் சாலையோரம் சிலுவையில் தொங்கவிட்டார்கள். நம்ம ஊரிலிருந்து கிளம்பினால் மதுரையையும் தாண்டிப் போகிற தூரம். போகிறவன் வருகிறவன் பார்க்க வேண்டும், பயப்பட வேண்டும், அதற்குத்தான் அது. இன்னொன்றும் உண்டு. ரோமில் பழைய சுவர் ஒன்றில் யாரோ ஒரு கேலிப்படம் கீறி வைத்திருக்கிறான். சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், கீழே ஒருத்தன் கையைத் தூக்கி நிற்கிறான். 'அலெக்சாமெனோஸ் தன் தெய்வத்தைக் கும்பிடுகிறான்' என்று எழுதியிருக்கிறது. அந்த அலெக்சாமெனோஸ் யாரோ, நமக்குத் தெரியாது. ஆனால் அவனுக்குச் சிலுவையால் என்ன கிடைத்தது என்று அந்தச் சுவர் சொல்கிறது. ஊர் சிரிப்பு. சிலுவையில் அறையப்பட்டவன் பக்கம் நிற்கிறேன் என்று சொன்னதற்குக் கிடைத்த சிரிப்பு. எபிரெயர் நிருபமும், அவர் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார், நாமும் அவருடைய நிந்தையைச் சுமந்து அங்கே புறப்பட்டுப் போவோம் என்றுதான் கூப்பிடுகிறது.

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு பேசின ஏழு வார்த்தைகளையும் வருஷா வருஷம் கேட்கிறோம். மூன்றாம் வார்த்தை ஞாபகம் இருக்கிறதா? "அதோ, உன் தாய்." உயிர் போகிற நேரத்தில் ஒரு விதவைத் தாயை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு பண்ணுகிறார். அதைக் கேட்ட சீஷன் யோவான் என்ன செய்தான்? அந்நேரமுதல் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். ஆண்டவரே, பங்குனி கழியட்டும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்று இழுக்கவில்லை. இன்றைக்கு நாசரேத்திலும் சாத்தான்குளத்திலும் பெரிய பெரிய வீட்டில் ஒத்தையாகக் கிடக்கிற அம்மாக்களைக் கேளுங்கள். மகன் துபாயில், மகள் சென்னையில். ஜிபேயில் பணம் வந்துவிடும். பெரிய வெள்ளிக்கு லைவில் ஒரே பிரசங்கத்தை மூன்று பேரும் மூன்று ஊரிலிருந்து பார்ப்பார்கள். மூன்றாம் வார்த்தைக்கு மூன்று பேருமே அழுவார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். நடுவர் மணியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளவும்.

ஒரு பெண் கன்னம் வீங்கிப்போய் வந்து நிற்கிறாள். குடிகாரப் புருஷன். நம்ம ஜெபக்குழுவில் அவளுக்கு என்ன சொல்கிறோம்? "என்னம்மா செய்ய, ஒனக்குக் குடுத்த சிலுவை இதுதாம், பொறுமையா சுமந்துக்க." அவள் போனபிறகு நமக்குள்ளே, "பாவம், அவ சிலுவைய அவ சுமக்கா." அண்ணாச்சி, உங்கள் ஆறுதல் இந்த வடிவத்தில்தான் எங்கள் தெருவுக்கு வந்து சேர்கிறது. பிரதான ஆசாரியனுக்கு முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தபோது அவர் பேசாமல் இருந்தாரா? நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18. அவரே கேட்ட கேள்வியை இந்தப் பெண் கேட்கக்கூடாதா? தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு என்று லூக்காவில் சொன்னது, மனசறிந்து தானாகத் தோள் கொடுப்பவனுக்குச் சொன்னது. அடுத்தவனுடைய அக்கிரமத்தை ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு அதற்குச் சிலுவை என்று பேர் வைக்க நமக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

அங்கே சிலுவையைச் சுமக்க வேண்டியது யார் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர். சீரேனே ஊர் சீமோன் கிராமத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். ராதாபுரம் பஸ்ஸை விட்டு இறங்கி, பையோடு வீட்டுக்கு நடக்கிறவன் மாதிரி. அவனுக்கும் அந்த வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இயேசுவின் சிலுவையைச் சுமக்கச் சொல்லி அவனைப் பிடித்தார்கள்; அவன் தோளில் ஏறியது இன்னொருத்தருடைய சிலுவை. "அவனைப் பலவந்தம் பண்ணினார்களே, பொறுப்பென்று எப்படிச் சொல்வீர்கள்" என்று அக்கா கேட்பார்கள், பேனாவில் எழுதுவது தெரிகிறது. பலவந்தம்தான். ஆனாலும் மாற்கு அவனை அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன் என்று சொல்லிப் போகிறார். படித்த சபைக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருந்தால்தான் அப்படி எழுத முடியும். வேண்டாவெறுப்பாகத் தூக்கின ஒரு பாரம் அந்த வீட்டையே அங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவை ராத்திரி பத்து மணிக்குத் தட்டி, "தம்பி, கை வைக்காதே" என்று நாலு பேர் சொன்னால் அவளுக்கு ஆறுதல். அந்த நாலு பேருக்குப் பொறுப்பு. நாலு பேர் தோள் கொடுக்காமல் ஆறுதல் எங்கிருந்து வரும்?

ஆறுதல் மட்டும் போதும் என்றால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஜில்லாவே சாட்சி. வடக்கன்குளம். 1745-இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர். 2022-இல் அவரைப் புனிதர் என்று ரோமில் அறிவித்தபோது நம்ம பக்கத்தில் எத்தனை கோயில் மணி அடித்தது! அதே ஊரில் 1870-களில் எழும்பிய திருக்குடும்பக் கோயிலில், பீடம் ஒன்று, ஜனம் உட்காரும் இடம் ரெண்டு. சாதிக்கு ஒரு பக்கம், நடுவே சுவர். எந்தச் சாதி என்று நான் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சுவரின் ரெண்டு பக்கமும் ஜனங்கள் சிலுவையில் தொங்கும் இயேசுவின் சுரூபத்தைப் பார்த்து அழுதார்கள், தேறினார்கள், வீட்டுக்குப் போனார்கள். அண்ணாச்சி சொல்கிற ஆறுதல் ரெண்டு பக்கமும் குறைவில்லாமல் கிடைத்தது. சுவரிலிருந்து ஒரு செங்கல்லும் விழவில்லை! 1910-இல் கௌசானல் அடிகளார் என்ற பாதிரியார் இடிக்கச் சொன்ன பிறகுதான் விழுந்தது. சும்மாவும் விழவில்லை, சண்டை வந்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

கிறிஸ்து பகையாக நின்ற நடுச்சுவரைத் தகர்த்தார் என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. சிலுவையில் எப்போதோ தகர்ந்துபோன சுவர்தான். ஆனாலும் வடக்கன்குளத்தில் கடப்பாரையை எடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

சுவரில்லாத கோயிலில்தான் இப்போது உட்காருகிறோம். அசனப் பந்தியில் ஒரே வரிசையில்தான் சாப்பிடுகிறோம். அந்த வாழை இலையை எடுத்த கையோடு கல்யாணத்துக்கு வரன் தேடுகிற காகிதத்தை எடுத்துப் பாருங்கள். 'கிறிஸ்தவ மணமகள் தேவை, சி.எஸ்.ஐ. என்றாலும் ஆர்.சி. என்றாலும் சம்மதம்.' அடுத்த வரியில் என்ன இருக்கும்? நான் வாசிக்க மாட்டேன். பந்தலில் சில பேர் தரையைப் பார்க்கிறீர்கள், அது போதும்.

நடுவர் மணியை அடித்துவிட்டார். ஒரே ஒரு விண்ணப்பம் ஐயா. இந்த ஊரில் பட்டிமன்றம் என்றால் நடுவர்கள் கடைசியில், "ஆறுதலும் வேண்டும், பொறுப்பும் வேண்டும், ரெண்டும் ரெண்டு கண்" என்று சொல்லி ரெண்டு அணிக்கும் பொன்னாடை போர்த்திவிடுவது வழக்கம். தலைப்பில் 'பெரிதும்' என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். அதனால் ஒரு பக்கம் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கம் சொன்னால் ஜெபக்குழு அக்காமார் கொஞ்ச நாள் உங்களோடு பேச மாட்டார்கள், அதற்கு நான் ஜவாப்தாரி. நன்றி, வணக்கம்.