சர்வீஸ் கடையில் பொருள் தொலைந்தால் பணம் வாங்குவது எப்படி? தங்கை லேப்டாப் கதை, பாகம் 2

வணக்கம் மக்களே. பின்னால் கடகடவென்று சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், எதிர் வீட்டில் போர்வெல் போடுகிறார்கள். மதியத்துக்குள் முடித்துவிடுவோம் என்றார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் இப்படியே பேசிவிடுகிறேன்.

போன வீடியோவில் தங்கையின் லேப்டாப் கதையைப் பாதியில் விட்டிருந்தேன். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: அவள் கல்லூரியில் கடைசி வருஷம். ஸ்கிரீனில் கோடு விழுகிறது என்று சென்னை ரிச்சி தெரு பக்கம் ஒரு மாடிக் கடையில் கொடுத்தோம். டிஸ்ப்ளேயில் இல்லை, மதர்போர்டில் பிரச்சினை என்றார்கள். 4,500 ரூபாய் ஆகும், 1,000 அட்வான்ஸ் கொடுங்கள் என்றார்கள். அப்புறம் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, கடைசியில் ஓனர் வாயைத் திறந்தார். "தம்பி, போர்டு வேலை நாங்க இங்க பண்றதில்ல. வெளிய ஒரு டெக்னீஷியன்கிட்ட குடுப்போம். ஆளையே காணோம், போனும் எடுக்க மாட்டேங்குறான்." லேப்டாப், சார்ஜர், பை, மூன்றும் அந்த ஆளோடு போய்விட்டன.

கடை பெயரைச் சொல்லுங்கள் என்று நிறைய பேர் கேட்டீர்கள். சொல்லப் போவதில்லை. பேசிய பணத்தை அவர் கொடுத்துவிட்டார், அதோடு சரி. எப்படிக் கொடுக்க வைத்தோம் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ரிச்சி தெருவைப் பழகியவர்களுக்கு அந்த டெக்னீஷியன் கதை புதிதாக இருக்காது. கவுன்டரில் பொருளை வாங்குகிறவர் ஒருவர், பிரித்துப் பார்க்கிறவர் ஒருவர், ஐசி மாற்றுகிறவர் நரசிங்கபுரம் தெருவில் ஏதோ ஒரு மாடியில் இருப்பார். அந்த வட்டாரமே அப்படித்தான் ஓடுகிறது, அதனால்தான் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்கிற காசில் பாதிக்கு வேலை முடிகிறது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பொருள் தொலைந்ததும் "அவன்தான் சார் எடுத்துட்டுப் போனான்" என்று கையை விரித்தால் எப்படி? நாம் அந்த டெக்னீஷியனை ஆளே பார்த்ததில்லை. பொருளை வாங்கியதும் ரசீது போட்டதும் கடை. அவனைத் தேடிப் பிடிப்பது கடைக்காரர் பாடு. முதல் நாளே இதைச் சொன்னோம். எங்களையும் அந்த ஆளைத் தேட அலைய வைக்கப் பார்த்தார், நாங்கள் போகவில்லை.

இதற்கான சட்டம் ரொம்பப் பழையது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. ஒரு வேலைக்காகப் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம், வேலை முடிந்ததும் அவர் திருப்பித் தர வேண்டும். இதைச் சட்டத்தில் பெய்ல்மென்ட் என்கிறார்கள், 148-ஆம் பிரிவில் தொடங்குகிறது. டெய்லர், லாண்டரி, மெக்கானிக், வாட்ச் கடை எல்லாருக்கும் இதுதான். 151-ஆம் பிரிவின்படி, புத்தியுள்ள ஒரு ஆள் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் உங்கள் பொருள் மீதும் இருக்க வேண்டும். அந்தக் கவனம் இருந்தும் பொருள் போய்விட்டது என்றால், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கடைக்காரர் மேல் பொறுப்பு இல்லை என்கிறது 152.

"அப்போ எல்லாரும் கவனமாத்தான் இருந்தேன்னு சொல்லிடுவாங்களே?" என்று கேட்பீர்கள். வாயால் சொன்னால் போதாது, கடைதான் அதை நிரூபிக்க வேண்டும். கடைக்குள் என்ன நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? 1998-ல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் வேலட் பார்க்கிங்குக்குச் சாவி கொடுத்த மாருதி ஜென் கார் திருடு போனது. வண்டி உரிமையாளர் பொறுப்பில்தான் நிற்கிறது என்று டோக்கனிலேயே அச்சடித்திருந்தோம் என்றது ஓட்டல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. போதிய கவனம் எடுத்தோம் என்று முதலில் ஓட்டல் காட்ட வேண்டும், அதைக் காட்டாமல் அச்சடித்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. நம் கடை ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று இருக்குமே, அதைக் காட்டி மிரட்டினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். எங்கள் ரசீதிலும் அந்த வரி இருந்தது. ஓனர் அதன் மேல் விரலை வைத்தார், நான் போனில் தீர்ப்பைத் திறந்து காட்டினேன். முழுதாகப் படித்தாரா தெரியவில்லை, ஆனால் விரலை எடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும், சென்னையில் இருந்துகொண்டு அதைப் பேசாமல் முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் எத்தனையோ கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. யாரும் எதிர்பார்க்காத அளவுக்குத் தண்ணீர் வந்து, அவருடைய சரக்கோடு உங்கள் டிவியும் முழுகியது என்றால் கேட்பது கஷ்டம். ஆனால் 161-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நவம்பரில் கொடுக்க வேண்டியதைத் தன் தவறால் கொடுக்காமல் வைத்திருந்து, டிசம்பர் வெள்ளத்தில் போனால், அந்த நஷ்டம் கடைக்காரர் தலையில்தான். அதனால் ரசீதில் எந்தத் தேதிக்குத் தருவேன் என்று எழுதி வாங்குங்கள். "ரெடியானதும் கூப்பிடுறேன்" என்று எழுதித் தந்தால் இந்தப் பிரிவுக்குப் பிடிமானமே இல்லாமல் போகும்.

சரி, ஆதாரம். ஜாப் ஷீட்டில் மாடல், சீரியல் நம்பர், சார்ஜர், பை எல்லாம் தங்கை எழுத வைத்திருந்தாள். கவுன்டர் மேல் வைத்து ஒரு போட்டோவும் எடுத்திருந்தாள். இந்த விஷயத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அட்வான்ஸ் ஜிபேயில் போனதால் அதுவும் பதிவாக இருந்தது. இதற்கெல்லாம் மேலே, ஓனர் சொன்னதை வாட்ஸ்அப்பில் வர வைத்தோம். "அண்ணே, டெக்னீஷியன்கிட்ட குடுத்தீங்க, அவர் கிடைக்கல, லேப்டாப் இப்போ உங்ககிட்ட இல்ல, சரிதானே?" என்று அவள் அனுப்பினாள். "ஆமாம்மா, டைம் குடுங்க" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரி வந்த பிறகு பொருள் தொலைந்ததா இல்லையா என்ற வாதமே எழவில்லை. கடையில் நின்று சத்தம் போட்டிருந்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்திருப்பார்கள், இந்த வரி கிடைத்திருக்காது.

இனி, எவ்வளவு கேட்பது? பெரும்பாலும் இங்கேதான் பேச்சு முறியும். நாம் புது லேப்டாப் விலையைக் கேட்போம், கடைக்காரர் காயலான் கடை விலையைச் சொல்வார். எங்கள் ஓனர் முதலில் 8,000 என்றார். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதில் பேட்டரியே நிற்கவில்லை. "மூணு வருஷம் பழசு தம்பி, அதுவும் ரிப்பேர் பீஸ்" என்பது அவர் வாதம். அதில் பாதி நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 62,000 கொடுத்து வாங்கியதற்கு 62,000 கேட்க முடியாது.

அதனால் இப்படிக் கணக்குப் போட்டோம். அதே மாடல், அதே ரேம், ஓடுகிற நிலையில் செகண்ட் ஹேண்டில் எவ்வளவு? அதே தெருவில் இரண்டு கடையில் விசாரித்து எழுதி வாங்கினோம், 30,000 வந்தது. அதில் அவரே சொன்ன ரிப்பேர் செலவு 4,500-ஐக் கழித்தால் 25,500. சார்ஜருக்கும் பைக்கும் 2,500. கொடுத்த அட்வான்ஸ் 1,000. ஆக 29,000. இதற்கு மேல் புராஜெக்ட் வேலைக்காக வேறு லேப்டாப் வாடகைக்கு எடுத்த 3,600-க்கு ரசீது இருந்தது. மொத்தம் 32,600. கேட்கிற தொகை எப்படி வந்தது என்று ஒவ்வொரு வரியையும் காட்டினால், எதிரில் இருப்பவரும் ஒவ்வொரு வரியாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "ரொம்ப ஜாஸ்தி" என்று மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. உள்ளே இருந்த படிப்பு ஃபைல்களுக்கும் அவள் பட்ட மன உளைச்சலுக்கும் நாங்கள் விலை போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அதற்கும் சேர்த்து இழப்பீடு கேட்கலாம், கடையில் பேரம் பேசும்போது அதை இழுத்தால் பேச்சு திசை மாறிவிடும்.

இதற்கு நடுவில் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். "இது சிவில் மேட்டர்" என்பார்கள் என்று எதிர்பார்த்தேன், அப்படியே சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. கவனக்குறைவால் தொலைத்தது குற்றம் ஆகாது. நம்பி ஒப்படைத்ததை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொண்டால்தான் நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆம் பிரிவு. அந்த டெக்னீஷியனுக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். இருந்தாலும் புகாரை எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, வாங்காமல் வராதீர்கள். நாளைக்கு அந்த லேப்டாப்பை வைத்து யாராவது ஏதாவது செய்தால், அது அன்றைக்கு உங்கள் கையில் இல்லை என்று காட்ட அந்த ரசீது வேண்டும். தொலைந்தது செல்போன் என்றால் புகார் நகலை வைத்து சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ நம்பரை பிளாக் செய்யலாம். லேப்டாப்புக்கு அந்த வசதி இல்லை. தங்கை அன்றிரவே உட்கார்ந்து எல்லாக் கணக்குகளையும் அந்தக் கருவியிலிருந்து வெளியேற்றி, பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளை மாற்றினாள். பணம் வருகிறதோ இல்லையோ, முதல் வேலை அதுதான்.

அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். இலவசம். புகார் பதிவாகி ஒரு எண் கிடைக்கும். அவர்கள் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை, கடைக்குத் தகவல் அனுப்பிப் பேச வைக்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளிடம் இது நன்றாக வேலை செய்கிறது. மாடிக் கடைகளிடம் என்றால் சந்தேகம்தான். எங்களுக்கு இதனால் ஒன்றும் நகரவில்லை.

நகர்த்தியது நோட்டீஸ்தான். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே எழுதலாம். என்றைக்கு எதைக் கொடுத்தோம், என்ன ஆனது, கணக்கு என்ன, 15 நாளில் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம், இதுதான் உள்ளடக்கம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான டிராக்கிங்கை பிரிண்ட் எடுத்து வைத்தோம். வக்கீல் வைத்து அனுப்ப நினைப்பவர்களுக்கு: பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கும் கூப்பிடலாம்.

ஆணையம் என்றதும் பயப்படாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், சேவைக்கு நாம் கொடுத்த தொகையை வைத்துத்தான் எந்த ஆணையம் என்று முடிவாகிறது. அது 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு இருக்கின்றன. நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலும் போடலாம், நீங்களே வாதாடலாம். பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் இழுக்கும். தீர்ப்பு வந்த பிறகும் பணம் தராவிட்டால் ஒரு மாதத்திலிருந்து 3 வருஷம் வரை சிறை, அல்லது 25,000-லிருந்து ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கடைக்காரர்களை யோசிக்க வைப்பது இந்த வரிதான்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் ஓனர் போன் செய்தார். "கோர்ட்டு கேஸெல்லாம் எதுக்கு தம்பி, உக்காந்து பேசுவோம்." பேசினோம். வாடகைப் பணத்தை நாங்கள் விட்டோம், 29,000-க்கு முடிந்தது. உடனே 15,000, மீதி அடுத்த மாதம், இரண்டும் தங்கையின் அக்கவுன்டுக்கே வந்தது.

ஆனால் கடைசியில் ஒரு விஷயம் நடந்தது, அதைக் கவனியுங்கள். கையெழுத்துக்கு அவர் ஒரு தாளை டைப் அடித்து வைத்திருந்தார். "எனது லேப்டாப்பை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் இருந்தது. ஏமாற்றும் நோக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை, வழக்கமான ஃபார்மில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். ஆனால் அதில் கையெழுத்துப் போட்டால், லேப்டாப் நம்மிடம்தான் இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. முதலில் கொடுத்த 15,000-த்தோடு அவர் நின்றுவிட்டால் மீதியை எதை வைத்துக் கேட்பது? அடித்துவிட்டு வேறு எழுத வைத்தோம்: பொருள் கடையில் தொலைந்தது, அதற்கு ஈடாக 29,000, இவ்வளவு வந்தது, மீதி இந்தத் தேதிக்குள். இரண்டு பேரும் கையெழுத்து, ஆளுக்கு ஒரு நகல். முழுப் பணமும் வந்த பிறகுதான் "இனி கேட்பதற்கு எதுவும் இல்லை" என்று தனியாக எழுதிக் கொடுத்தோம்.

போன வீடியோவின் கீழே ஒரு அக்கா கேட்டிருந்தார்: மிக்ஸி சர்வீஸுக்குக் கொடுத்தேன், மூன்று ஜார் போனது, இரண்டுதான் வந்தது, இதற்கெல்லாமா ஆணையத்துக்குப் போவது? வேண்டாம் அக்கா. சர்வீஸ் பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால், அந்த ஜார் வெளியில் என்ன விலை என்று கேட்டு, பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், அவரிடமே பழைய ஜார்கள் ஒரு மூட்டை கிடக்கும், உங்கள் மாடலுக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாங்கும்போது மூடியையும் பிளேடையும் பார்த்து வாங்குங்கள், மூடி இல்லாமல் கொடுத்துவிடுவார்கள்.