கோச்சிப் பலகையில் தேர்நாள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். "உங்கடை விளையாட்டுக் கோச்சியைப் பற்றி ஒரு பத்து நிமிசம் கதையுங்கோ" என்று கேட்டுத்தான் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள். விளையாட்டு என்ற சொல்லை நான் திருத்தப் போகவில்லை. என் வயதில் ஒருவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு சென்ரிமீற்றர் உயர மனிதருக்கு வேட்டி கட்டிக்கொண்டிருந்தால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

வீட்டில் அந்தக் கோச்சி, அதாவது மாதிரி றெயில், ஓடும் இடத்துக்குப் பெயர் பலகை. "அப்பா எங்கை?" "பலகையடியிலை." அவ்வளவுதான். சுவரோரமாக 12 அடி நீளம், 2 அடி அகலம். இடது கோடியில் யாழ்ப்பாணம் நிலையம், நடுவில் கோண்டாவில், வலது கோடியில் காங்கேசன்துறை. கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரத்துக்காரர் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும், இடமில்லை. நான் எடுத்த அளவு ஒன்றுக்கு 87, அதாவது உண்மையில் 87 அடி இருப்பது பலகையில் ஓர் அடி. கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் வரை உள்ள சுமார் 400 கிலோமீற்றரை அப்படியே சுருக்கினாலும் நாலரைக் கிலோமீற்றருக்கு மேல் வரும், யாழ்ப்பாண நிலையத்தடியில் தொடங்கினால் கொக்குவிலைத் தாண்டிப் போய்விடும்.

பலகையில் ஆண்டு எப்போதும் 1978. எனக்குப் பத்து வயது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு வண்டிகள் போய்வந்த காலம், கைகாட்டிக் கம்பம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சைக்கிள் பாரில் அப்பாவுக்கு முன்னால் இருந்த காலம். எஞ்சின் வெளிநாட்டிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது, ஓர் அமெரிக்க டீசல். அதற்கு நிறம் மாற்றி, எங்கள் எம்2 என்று சொல்லிக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. முதலில் வந்த எம்2 எஞ்சின்கள் 1950களில் கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தில் கனடா தந்தவை, அதனால் கனடா மாகாணங்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். ஒன்றின் பெயர் ஒன்ராறியோ. எங்கள் சனம் ஒன்ராறியோவுக்குப் போகப் பல வருடம் முந்தியே ஒன்ராறியோ எங்களிடம் வந்துவிட்டது என்று மைத்துனரிடம் சொல்வேன், அவர் அங்கேதான் இருக்கிறார்.

தண்டவாளத்திலும் ஒரு பொய் இருக்கிறது. இந்த அளவில் கடையில் கிடைக்கும் பாதையின் அகலம் 16.5 மில்லிமீற்றர், அது ஐரோப்பாவின் 1,435 மில்லிமீற்றர் பாதையைச் சுருக்கியது. எங்கள் பாதை ஐந்தரை அடி, அதாவது 1,676. கணக்குப்படி 19 மில்லிமீற்றருக்கு மேல் வரவேண்டும். கிட்டக் குனிந்து பார்த்தால் என் கோச்சி காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறமாதிரித்தான் தெரியும். ஆனால் அப்படிக் குனிந்து பார்ப்பவர்கள் தண்டவாளத்தைப் பார்ப்பதில்லை, மனிதர்களைத்தான் பார்க்கிறார்கள். இன்றைக்கு நான் கதைக்க வந்ததும் அந்த மனிதர்களைப் பற்றித்தான்.

அவர்கள் வரும்போது ஜேர்மன்காரராக வருவார்கள். பிரைசர் என்ற ஜேர்மன் நிறுவனத்தின் உருவங்கள், கோட்டு, தொப்பி, கையில் பெட்டி. முதலில் சின்னக் கத்தியால் தொப்பியைச் சீவவேண்டும், பிறகு கோட்டைச் சுரண்டவேண்டும், மேலுடம்புக்கு மண்ணிறம் பூசி, ரிசுக் கடதாசியைப் பசையில் நனைத்து இடுப்பில் சுற்றினால் வேட்டி. பெண்களுக்கும் அதே கடதாசிதான் சேலை, முந்தானை மட்டும் ஊசிமுனையால் இழுத்துவிட வேண்டும், இழுக்கும்போது மூச்சு விடக்கூடாது. பனிச்சறுக்குக்காரர் ஒருவர் தவறுதலாகப் பெட்டிக்குள் வந்திருந்தார், முழங்காலை மடித்துக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு. அவரைக் கொஞ்சக் காலம் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தேன். இப்போது அவர் காவடி எடுக்கிறார், அதைவிட அந்த முழங்காலுக்குப் பொருத்தமான வேலை கிடையாது.

கொழும்புக்குப் போகும் குடும்பத்தின் கையில் முருங்கைக்காய்க் கட்டு இருக்கவேண்டும் அல்லவா, அதுவும் செய்தேன். அரை மீற்றர்க் காய் பலகையில் ஆறு மில்லிமீற்றர் கூட வராது. பழைய தூரிகை மயிரைப் பச்சை பூசி வெட்டி, பத்தைச் சேர்த்து நூலின் ஒரு இழையால் கட்டினேன். ஒரு பின்னேரம் முழுக்கப் போயிற்று. பார்க்க வந்தவர்களில் இதுவரை இரண்டு பேர்தான் அதைக் கவனித்தார்கள், ஒருவர் சந்தையில் மரக்கறி விற்பவர்.

சாதாரண நாளைச் செய்வதுதான் கஷ்டம். கோண்டாவில் கடவையடியை நான் மூன்று முறை பிரித்துக் கட்டினேன். முதல் தடவை கேற் பூட்டியிருக்க எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தேன், பாடசாலைக் கூட்டம் மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் கேற் பூட்டினால் யார் வரிசையில் நிற்கிறார்கள்? ஒருவர் சைக்கிளைச் சரித்து அடியால் நுழைப்பார், ஒருவர் ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பக்கத்தவரிடம் வெங்காய விலை கேட்பார், ஒஸ்ரின் காருக்குள் இருப்பவர் கையை வெளியே போட்டுக்கொண்டு இருப்பார், அம்மாவின் சேலையைப் பிடித்த பிள்ளை மட்டும்தான் கோச்சி வரும் பக்கத்தைப் பார்க்கும். இதைச் செய்தபிறகுதான் கடவை கடவையாயிற்று. வேலிக்கு ஈர்க்கும் காய்ந்த இலையும், பனைக்குத் தும்பும் கம்பியும். இருபது மீற்றர்ப் பனையைக் கணக்குப்படி செய்தால் 23 சென்ரிமீற்றர், வீட்டைப் போல மூன்று மடங்கு உயரம். பிழையோ என்று தோன்றும், வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

திருவிழா வேறு மாதிரி. பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது, நல்லூர் எங்கே? நல்லூர்க் கோயில் றெயில் பாதையோரத்தில் இல்லை, அதைக் கொண்டுவந்து ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனமில்லை. வைத்தாலும் தேருக்குச் சனம் வேண்டுமே. ஜேர்மனியில் ஹம்பேர்க் நகரத்தில் 2001இல் திறந்த ஒரு பெரிய மாதிரி றெயில் உலகம் இருக்கிறது, இதே ஒன்றுக்கு 87 அளவு, அங்கே மனித உருவங்கள் மட்டும் இலட்சக்கணக்கில். என்னிடம் எல்லாமாக 140 பேர். அந்த 140 பேரையும் ஒரு தேரைச் சுற்றி விட்டால் தேர் அநாதையாக நிற்கும்.

ஆகவே நான் கோயிலை விட்டுவிட்டு, கோயிலுக்குப் போகிறவர்களைச் செய்தேன். நல்லூர் மகோற்சவம் 25 நாள், 24ஆம் நாள் தேர். அன்று காலை யாழ்ப்பாண நிலையத்து மேடையில் காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் இறங்குகிறது. தோளில் பிள்ளை, கையில் அர்ச்சனைத் தட்டு, வெறும் மேலோடு இளந்தாரிகள், நம்முடைய பனிச்சறுக்குக் காவடி. மேடையைக் கழற்றி மாட்டும் விதமாகச் செய்திருப்பதால், அதே நாள் பின்னேர மேடையும் உண்டு: கச்சான் பை, பலூன், களைத்துப்போய்த் தகப்பன் தோளில் தூங்கும் பிள்ளை, செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வரும் ஒருவர். எந்த மேடையை மாட்டினாலும் கடைசி வாங்கில் ஒருவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருப்பார். தேர் என்ன, தீபாவளி என்ன, அவர் எழும்புவதில்லை. பலகையில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

பொங்கலில் நன்றாக அடிபட்டேன். கோண்டாவில் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றம், மூன்று கல், பானை, கரும்பு, பின்சுவரில் அழகாகச் சூரியன் உதிக்கிறமாதிரிப் படம் கீறி, குடும்பத்தையும் அந்தப் பக்கம் பார்க்க நிறுத்தினேன். அக்கா வந்து கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "தம்பி, யாழ்ப்பாணம் இடக்கைப் பக்கம், காங்கேசன்துறை வலக்கைப் பக்கம் எண்டால், கிழக்கு நாங்கள் நிக்கிற பக்கமெல்லோ?" என்றார். உண்மைதான். என் குடும்பம் மறைகிற சூரியனுக்குப் பொங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தையே பெயர்த்துத் திருப்பினேன், இப்போது அவர்கள் எங்களைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கோலத்தை வேறு உண்மையான அரிசிமாவில் போட்டிருந்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் எறும்பு நிரை, ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு. "கோலம் எறும்புக்குத்தானேடா" என்றார் அக்கா.

மார்கழிக் காட்சி வைத்தபோது ரொறன்ரோவிலிருந்து மைத்துனர் கேட்டார், பனி எங்கே என்று. மேல்நாட்டில் இந்தக் கோச்சிகள் நத்தார் மரத்தைச் சுற்றியும் ஓடும், அதனால் அவர்களுக்கு டிசம்பர் என்றால் பஞ்சுப் பனி. எங்களுக்கு டிசம்பர் என்றால் வடகீழ்ப் பருவ மழை. பாதையோரப் பள்ளத்தில் தெளிந்த வார்னிஷ் ஊற்றினேன், மூன்று தரம், ஒவ்வொரு தரமும் ஒருநாள் காயவிட்டு. தேங்கிய மழைத்தண்ணீர் வந்துவிட்டது, தலைகீழாகப் பனையும் தெரிகிறது. ஒரு வீட்டு வாசலில் நத்தார் நட்சத்திரம், உள்ளே சின்ன எல்.இ.டி. பல்ப். அந்த ஒழுங்கையாலேயே திருவெம்பாவைக்கு விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகப் போகும் நான்கு பெடியள், ஒருவன் குடையை மற்றவனுக்குப் பிடிக்காமல் தனக்கே பிடிக்கிறான். அறை விளக்கை அணைத்துவிட்டு இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

யுத்தத்தால் 1990 ஜூனுக்குப் பிறகு பல வருடம் இங்கே கோச்சி வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர் கட்டப் போனதும் தெரியும். அக்காவின் மகன் 1991இல் பிறந்தவன். 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி கொழும்புக் கோச்சியான யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது அவனுக்கு 23 வயது, வாழ்க்கையில் முதல் கோச்சியை அன்றுதான் நேரில் பார்த்தான். பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது, "மாமா, இவ்வளவு சத்தம் போடும் எண்டு நீங்கள் சொல்லேல்லையே." பலகையில் அது தையல் மெசின் மாதிரித்தானே ஓடும்.

சரி, எனக்குத் தந்த நேரம் முடிகிறது. உங்களிடம் ஓர் உதவி. கோண்டாவில் கடவையில் கேற்காரருக்கு ஒரு சின்னக் கொட்டில் இருந்தது, நான் சொல்வது 1978ஐ. அக்கா அது பச்சை என்கிறார், எனக்கு மஞ்சளாகத்தான் ஞாபகம், இருக்கிற ஒரே படமும் கறுப்பு வெள்ளை. யாருக்காவது சரியாகத் தெரிந்தால் வானொலி நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கோ. அதுவரைக்கும் கொட்டில் வெறும் வெள்ளை மட்டையாக நிற்கிறது. கேற்காரர் வந்துவிட்டார், கொடியோடு வெளியில் நிற்கிறார்.